பத்தாவதுக்குப் பிறகு: ஐ.டி.ஐ.யா, பாலிடெக்னிக்கா, இன்ஜினியரிங்கா?

கேள்வி சுருக்கமாக இது: தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் பத்தாவது முடித்த பையன், 500க்கு 318 மதிப்பெண். கணக்கில் சுமார், கைவேலையில் ஆர்வம். அவன் ஐ.டி.ஐ. போகிறேன் என்கிறான். வீட்டிலோ, எந்தக் காலேஜாக இருந்தாலும் சரி, ஒரு டிகிரி வாங்கிவிட வேண்டும் என்கிறார்கள். நல்ல வேலைக்கு எது வழி?

படிப்பின் பெயரை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. எந்த வேலை என்பதை முதலில் பிடித்துக்கொண்டு, அந்த வேலைக்கு ஆள் எடுக்கும்போது என்ன காகிதம் கேட்கிறார்கள், கையில் என்ன செய்துகாட்டச் சொல்கிறார்கள் என்று பின்னோக்கிப் பார்க்க வேண்டும். டாக்டர், வக்கீல், உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் வேலைகளுக்குச் சட்டமே பட்டம் கேட்கிறது. குரூப் 1, குரூப் 2 தேர்வுகளுக்கும் பட்டம் வேண்டும். அதில் வாதத்துக்கு இடமில்லை. ஆனால் தொழிற்சாலை, மின்சாரம், ரயில்வே, வாகனம், ஏசி, கட்டுமானம் என்று போகும் பையனுக்குப் பட்டம் முதல் நாளே தேவையில்லை. பின்னால் தேவைப்படும்போது ஏறிக்கொள்ள ஏணி இருக்கிறது. அந்த ஏணியில் எந்தப் படி எங்கே உடைந்திருக்கிறது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை.

முதலில் வயதுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பிளஸ் டூ முடித்து நான்கு வருடம் பி.இ. படித்தால் பட்டம் கையில் வரும்போது வயது 21 அல்லது 22. பத்தாவதுக்குப் பின் மூன்று வருட டிப்ளமா, அதன் பிறகு நேரடி இரண்டாமாண்டில் சேர்ந்து மூன்று வருட பி.இ. என்றாலும் மொத்தம் அதே ஆறு வருடம்தான். ஒரு வருடம்கூட வீணாவதில்லை. நடுவில் டிப்ளமா என்ற தனிச் சான்று கிடைக்கிறது. குடும்பச் சூழல் மாறினால் 19 வயதில் வேலைக்குப் போய்விடலாம். ஐ.டி.ஐ. வழி சற்று நீளம்: இரண்டு வருட ஐ.டி.ஐ., இரண்டு வருட டிப்ளமா, மூன்று வருட பி.இ., ஆக ஏழு. நடுவில் ஒரு வருடம் அப்ரண்டிஸ், அதாவது உதவித்தொகையோடு தொழிற்சாலைப் பயிற்சி, சேர்த்தால் எட்டு. ஆனால் அந்த வழியில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கிச் சம்பாதிக்கலாம்.

டிப்ளமாவிலிருந்து பி.இ. இரண்டாமாண்டுக்குப் போகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் கணக்கில். டிப்ளமாக் கணக்கு ஒரு தரம், பி.இ. இரண்டாமாண்டுக் கணக்கு இன்னொரு தரம். முதலாமாண்டுக் கணக்குப் பாடங்களைப் படிக்காமல் நேரே பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளுக்குள் விழுகிறார்கள். மூன்றாவது செமஸ்டரிலேயே அரியர் விழுந்து, கடைசி வரை அதைத் துரத்திக்கொண்டே போகிறவர்கள் நிறைய. டிப்ளமா முடித்த கோடை விடுமுறையில் வகையீடு, தொகையீடு, அணிகள் மூன்றையும் பிளஸ் டூ புத்தகத்தை வைத்துக்கொண்டு முடித்துவிட்டால் பாதி ஆபத்து தீர்ந்தது. ஐ.டி.ஐ.யிலிருந்து டிப்ளமா இரண்டாமாண்டுக்குப் போகிறவர்களுக்கும் இதே பள்ளம் உண்டு, இன்னும் ஆழமாக.

ஐ.டி.ஐ. என்றால் எந்த டிரேடு?

இங்கே அவசரப்படக் கூடாது. ஐ.டி.ஐ. என்பது ஒரு படிப்பு இல்லை, டிரேடு எனப்படும் தொழிற்பிரிவுதான் படிப்பு. ஃபிட்டர், எலக்ட்ரீசியன், டர்னர், மெஷினிஸ்ட், மோட்டார் மெக்கானிக், ஏசி மெக்கானிக் ஆகியவை இரண்டு வருடம். வெல்டர், பிளம்பர், கோபா எனப்படும் கணினி டிரேடு ஒரு வருடம்.

ஒரு வருடத்தில் முடிகிறதே என்று வெல்டரில் சேர்கிறவர்கள் இரண்டு விஷயத்தைத் தெரிந்துகொண்டு சேர வேண்டும். பாலிடெக்னிக் இரண்டாமாண்டு நேரடிச் சேர்க்கைக்குப் பத்தாவதோடு இரண்டு வருட ஐ.டி.ஐ. கேட்கிறார்கள், ஒரு வருட டிரேடு போதாது. ரயில்வேயின் உதவி லோகோ பைலட் வேலைக்கான டிரேடு பட்டியலில் ஃபிட்டர், எலக்ட்ரீசியன், டர்னர், மெஷினிஸ்ட், வயர்மேன், டீசல் மெக்கானிக், ஏசி மெக்கானிக் எல்லாம் உண்டு, வெல்டர் கிடையாது. வெல்டர் மோசமான டிரேடு என்று சொல்லவில்லை. கை படிந்துவிட்டால் ஐ.டி.ஐ. டிரேடுகளிலேயே சீக்கிரம் சம்பளம் ஏறுவது அதில்தான். ஆனால் அது வேறு பாதை, அதைப் பின்னால் சொல்கிறேன். முடிவெடுக்கத் தெரியாத 15 வயதுப் பையனுக்கு ஃபிட்டரோ எலக்ட்ரீசியனோதான் பாதுகாப்பு. அதிகக் கதவுகளைத் திறந்து வைப்பவை இவை இரண்டும். கோபா மட்டும் படித்துவிட்டு நல்ல சம்பளத்தை எதிர்பார்ப்பது வீண். அதோடு ஒரு பி.காம். அல்லது கணக்கியல் மென்பொருள் பழக்கம் சேர்ந்தால்தான் நகரும்.

அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை, புத்தகம், வரைபடக் கருவிகள் தருகிறார்கள். அரசுப் பள்ளியில் படித்த பையன் என்பதால் 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் சேரும். பெண்பிள்ளை என்றால் 2022 முதல் உள்ள புதுமைப் பெண் திட்டத்தில் அதே 1,000. ஆண்களுக்கு வயது வரம்பு 14 முதல் 40, பெண்களுக்கு உச்ச வரம்பே இல்லை. 71 அரசு ஐ.டி.ஐ.களில் டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து தொழில் 4.0 மையங்கள் அமைத்திருக்கிறார்கள். ரோபாட்டிக்ஸ், உயர்நிலை சி.என்.சி. (கணினி இயக்கும் எந்திரம்), மின்வாகனம் போன்ற புது டிரேடுகள் அங்கே உண்டு. உங்கள் மாவட்டத்தில் அப்படி ஒன்று இருந்தால் அதைத்தான் முதல் விருப்பமாகப் போட வேண்டும்.

தனியார் ஐ.டி.ஐ. என்றால் இரண்டு சோதனைகள். ஒன்று, அங்கீகாரம். நிறுவனத்துக்கு அங்கீகாரம் இருப்பது போதாது. நீங்கள் சேரும் டிரேடுக்கு, அந்த யூனிட்டுக்கு இருக்க வேண்டும். ஒரே கட்டடத்தில் ஃபிட்டருக்கு என்.சி.வி.டி. என்ற தேசிய அங்கீகாரமும் பக்கத்து அறை டிரேடுக்கு எதுவுமே இல்லாத நிலையும் நடக்கக்கூடியதுதான். போர்டைப் பார்த்துச் சேராமல் மத்திய பயிற்சித் துறையின் இணையதளத்தில் டிரேடு பெயரோடு தேடிப் பாருங்கள். முடிவில் கைக்கு வர வேண்டியது தேசியத் தொழிற்சான்று, அதாவது என்.டி.சி. “ஆறு மாத டிப்ளமா” என்று தெருமுனை மையம் தரும் அட்டையை ரயில்வேயும் பொதுத்துறையும் எடுத்துக்கொள்ளாது.

இரண்டாவது சோதனை பட்டறைக்குள். சேர்க்கை அறையிலேயே உட்கார வைத்து அனுப்பப் பார்ப்பார்கள். பட்டறையைக் காட்டச் சொல்லுங்கள். லேத்துக்கு அடியில் தட்டில் இரும்புச் சீவல் கிடக்கிறதா, கூலன்ட் இருக்கிறதா, டூல் போஸ்ட் துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். சீவலே இல்லாமல் பளிச்சென்று துடைத்து வைத்த லேத், ஆய்வு வந்தால் மட்டும் ஓடுகிற லேத். ஃபிட்டர் பிரிவில் ஒரு யூனிட்டுக்கு 20 பேர். அத்தனை பேருக்கும் வைஸ் இருக்கிறதா, அரங்களுக்குப் பல் தேயாமல் இருக்கிறதா? வெல்டிங் பிரிவில் ராடு இருப்பைக் கேளுங்கள். பயிற்சிக் காலம் முழுக்கச் சுட்டுப் பழகினால்தான் கை வரும். ராடுக்குக் கணக்குப் பார்க்கிற இடத்தில் வெல்டர் உருவாக மாட்டார். இரட்டைப் பயிற்சி முறை, அதாவது ஒரு பகுதிக் காலம் தொழிற்சாலையிலேயே பயிற்சி தருகிற ஏற்பாடு அந்த டிரேடுக்கு இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இருந்தால் அது பெரிய கூடுதல்.

காகிதமும் கையும்

தொழிற்சாலை நேர்முகத்தில் நடப்பதைச் சொன்னால் இந்தப் படிப்புகளின் வித்தியாசம் புரியும். ஃபிட்டருக்கோ மெஷினிஸ்டுக்கோ வருகிறவரிடம் ஒரு வெர்னியரையும் ஒரு துண்டு இரும்பையும் கொடுத்து அளவு சொல்லச் சொல்வார்கள். முதன்மை அளவுகோலைப் படித்து, கோடு ஒன்றும் இடத்தை 0.02ஆல் பெருக்கிக் கூட்டிச் சொல்ல வேண்டும். இதைப் பலர் சொல்லிவிடுவார்கள். அளக்கும் முன் தாடைகளை மூடிப் பார்த்துப் பூஜ்யப் பிழை இருக்கிறதா என்று பார்த்தாரா என்பதைத்தான் எதிரே இருப்பவர் கவனிக்கிறார். அது பட்டறையில் புழங்கிய கைக்குத் தானாக வரும். புத்தகத்தில் மட்டும் படித்தவருக்கு வராது.

சி.என்.சி. லேத்தில் இன்னும் தெளிவாகத் தெரியும். வரைபடம் கேட்பது 25.00 மில்லிமீட்டர் விட்டம், கூட்டிக் குறைக்க 0.02 வரை அனுமதி. கடைந்த முதல் துண்டு, அதாவது ஜாப், 25.04 வந்திருக்கிறது. டூல் தேய்மானத்தைச் சரிக்கட்டும் வேர் ஆஃப்செட்டில் எக்ஸ் அச்சில் கழித்தல் 0.04 கொடுக்க வேண்டும். கழித்தலுக்குப் பதில் கூட்டல் போட்டால் அடுத்த ஜாப் 25.08. புள்ளியைத் தள்ளி 0.4 கழித்தால் ஜாப் குப்பை. வெட்டுமுனையான இன்சர்ட் தேயத் தேய வெளிவிட்டம் மெல்லப் பெருகிக்கொண்டே போகும். எத்தனை ஜாப்புக்கு ஒருமுறை அளந்து ஆஃப்செட் திருத்த வேண்டும் என்று ஆபரேட்டர் தெரிந்து வைத்திருப்பார். பட்டன் மட்டும் அழுத்துகிறவர் லோடராகவே நின்றுவிடுவார். ஆஃப்செட் திருத்தத் தெரிந்தவர் ஆபரேட்டர். புது ஜாப்புக்கு ஏற்றபடி பிடிப்புத் தாடைகளைக் கடைந்து (ஜா போரிங்), டூல் செட் செய்து, முதல் ஜாப்பை ஓகே வாங்குகிறவர் செட்டர். மூன்று பேருக்கும் மூன்று சம்பளம், இதில் பட்டம் எங்கும் குறுக்கே வரவில்லை. ஆனால் செட்டருக்கு மேலே புரோகிராமர், புரொடக்‌ஷன் இன்ஜினியர் என்று போகும் இடத்தில் டிப்ளமா கேட்க ஆரம்பிப்பார்கள். அந்தச் சுவர் 30 வயது வாக்கில் இடிக்கும். அப்போது போய்ப் படிப்பதைவிட 20 வயதிலேயே டிப்ளமாவை முடித்து வைப்பது மேல்.

வெல்டிங் பாதையைச் சொல்கிறேன் என்றேன். அங்கே ஐ.டி.ஐ. சான்று வாசல் வரைக்கும்தான். உள்ளே விடுவது தகுதித் தேர்வு. 6ஜி என்ற குழாய் வெல்டிங் தேர்வு நிலையில் குழாய் 45 டிகிரி சாய்வில் நிலையாக நிற்கும், சுழற்ற முடியாது. வெல்டர்தான் கீழே குனிந்து, பக்கவாட்டில் சாய்ந்து, மேலே எட்டிச் சுற்றிவர வேண்டும். முதல் அடுக்கான ரூட்டைப் பெரும்பாலும் ஆர்கான் வாயு வெல்டிங்கில் போட்டு, மேலே 7018 என்ற வகை ராடில் நிரப்புவார்கள். தோல்வி பெரும்பாலும் ரூட்டில்தான் நடக்கும். குழாயின் அடிப்பகுதியில் உலோகம் உள்வாங்கிக் குழிந்துவிடும், அல்லது இடைவெளி குறைவாக விட்டதால் முழுக்க ஊடுருவாமல் கோடாக நின்றுவிடும். எக்ஸ்ரே படத்தில் அது தெளிவாகத் தெரியும். இன்னொரு காரணம் ஈரம். 7018 ராடை அடுப்பில் 300 டிகிரி வாக்கில் ஒன்றிரண்டு மணி நேரம் காயவைத்து, சூடான குப்பியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சுட வேண்டும். பெட்டியைப் பிரித்து அப்படியே சுட்டால் ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் புகுந்து துளைகளும் விரிசலும் வரும். ராடை எப்படிக் காய வைத்தாய் என்ற ஒற்றைக் கேள்வியிலேயே தேர்வாளர் ஆளை எடை போட்டுவிடுவார்.

இந்தத் தகுதி நிரந்தரமும் இல்லை. அமெரிக்க ஏ.எஸ்.எம்.இ. விதிப்படி ஒரு வெல்டிங் முறையை ஆறு மாதம் தொடாவிட்டால் தகுதி போய்விடும்; இந்திய பாய்லர் விதிப்படியான சான்றுக்கு இரண்டு வருட ஆயுள். பட்டத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. திருச்சி பெல் (பி.எச்.இ.எல்.) வளாகத்தில் 1975 முதல் இயங்கும் வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில் பயிற்சியும் தேர்வும் உண்டு. உடம்பையும் கணக்கில் வையுங்கள். புகை, கண்ணெரிச்சல், குனிந்தே இருக்கும் முதுகு. 25 வயதில் தெரியாது, 45இல் தெரியும். அதற்குள் வெல்டிங் இன்ஸ்பெக்டராகவோ சூப்பர்வைசராகவோ மாறும் திட்டம் வேண்டும். அந்த மாற்றத்துக்கு மறுபடியும் டிப்ளமா கேட்பார்கள் என்பதால், வெல்டரைத் தேர்ந்தெடுக்கும் பையன் பிளஸ் டூவை எப்படியாவது முடித்து வைப்பது நல்லது.

இரண்டு வருட டிரேடு படிப்பவருக்கு பிளஸ் டூவுக்கு இணையான வழி ஒன்று உண்டு, அதை விளக்க வேண்டும். பத்தாவது முடித்து இரண்டு வருட ஐ.டி.ஐ. படித்தவர், அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் மேல்நிலைத் தமிழ், ஆங்கில மொழித்தாள்களை எழுதித் தேறினால் பிளஸ் டூவுக்கு இணையாகக் கருதப்படுவார். எட்டாவது முடித்து ஐ.டி.ஐ. படித்தவருக்குப் பத்தாவதுக்கு இணையாக இதேபோல் உண்டு. ஐ.டி.ஐ. முடித்த கையோடு இதை எழுதிவிடாதவர்கள் பின்னால் வருந்துகிறார்கள். அரசுத் தேர்வுகளில் படிப்பு 10, 12, பட்டம் என்ற வரிசையில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நடுப்படி இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக வாங்கிய பட்டத்தை டி.என்.பி.எஸ்.சி. ஏற்பதில்லை. மொழித்தாள் இரண்டு நாள் வேலை. அதை விட்டதால் மூன்று வருடப் பட்டமே செல்லாமல் போவது கொடுமை.

அப்ரண்டிஸ் என்ற ஒரு வருடம்

ஐ.டி.ஐ. முடித்து நேராக ஏதோ ஒரு கம்பெனிக்கு ஒப்பந்தக்காரர் மூலம் போவதைவிட, 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் ஒரு வருடம் முறையாக முடிப்பது நல்லது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுத்தாக வேண்டும். 2019 திருத்தம் வைத்த குறைந்தபட்ச உதவித்தொகை என்.டி.சி. உள்ளவருக்கு மாதம் 7,000, டிப்ளமாவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000 ரூபாய். இந்த மூன்று எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நான்கு வருட பி.இ.க்கும் இரண்டு வருட ஐ.டி.ஐ.க்கும் முதல் வருடத்தில் அந்தத் திருத்தம் வைத்த இடைவெளி மாதம் 2,000. இடைவெளி பெருகுவது பிற்காலத்தில், பதவி உயர்வின்போது.

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை, பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்., திருச்சி பெல், நெய்வேலி என்.எல்.சி. எல்லாம் அப்ரண்டிஸ் எடுக்கும் இடங்கள். ரயில்வேயில் பொதுவாக எழுத்துத் தேர்வு இல்லாமல் மதிப்பெண் தரவரிசையில்தான் எடுக்கிறார்கள். பத்தாவது மதிப்பெண் அங்கேதான் மறுபடி தலைகாட்டும். முடித்தவருக்கு வேலை உறுதி என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள், சட்டமும் அப்படிக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் ரயில்வே நிறுவனங்களில் அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு லெவல் 1 எனப்படும் அடிநிலைப் பணி ஆள்சேர்ப்பில் 20 சதவீதம் ஒதுக்கீடு உண்டு.

இங்கே ஏமாற்றம் நடக்கும் இடம்: வாயால் “அப்ரண்டிஸ்” என்று சொல்லிவிட்டு மத்திய இணையதளத்தில் ஒப்பந்தத்தைப் பதியாமல் விட்டுவிடுவார்கள். ஒரு வருடம் உழைத்த பிறகு தேசிய அப்ரண்டிஸ் சான்று கிடைக்காது, தேர்வு எழுத முடியாது. சேர்ந்த முதல் மாதமே ஒப்பந்தப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, இணையதளத்தில் உங்கள் பெயரும் டிரேடும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அப்ரண்டிஸ் என்பவர் சட்டப்படி தொழிலாளி ஆகமாட்டார், பி.எஃப்., போனஸ் எதிர்பார்க்க முடியாது. ஆனால் வேலையில் விபத்து நேர்ந்தால் இழப்பீடு தரும் பொறுப்பு நிறுவனத்துடையதுதான்.

இன்ஜினியரிங் பக்கம்

இப்போது வீட்டார் சொல்வதில் உள்ள நியாயத்துக்கு வருவோம். உங்கள் பையன் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி மாணவன் என்றால், பிளஸ் டூவையும் அரசுப் பள்ளியிலேயே முடித்தால் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு கிடைக்கும். அதில் இடம் பிடித்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே ஏற்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை என்பதுதான் நிபந்தனை. பத்தாவதோடு ஐ.டி.ஐ. போனால் இந்தக் கதவு மூடிவிடும். கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்றிலும் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுக்கக்கூடிய பையனை இந்தச் சலுகை இருக்கும்போது ஐ.டி.ஐ.க்கு அனுப்புவது நஷ்டம். கணக்கில் சுமார் என்று நீங்களே சொல்வதால்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. சுமார் என்றால் என்ன? வகுப்பில் கவனிக்காததால் 45 எடுத்தானா, உட்கார்ந்து படித்தும் 45ஆ? முதலாவது சரிசெய்யக்கூடியது.

சலுகை இல்லாத குடும்பத்துக்குக் கணக்கு வேறு. 2017இல் சுயநிதிக் கல்லூரியில் கவுன்சலிங் இடத்துக்கு வருடம் 50,000 அல்லது 55,000, நிர்வாக இடத்துக்கு 85,000 அல்லது 87,000 ரூபாய் எனக் கல்விக் கட்டணம் நிர்ணயித்தார்கள். முதல் பட்டதாரி என்றால் கவுன்சலிங் இடத்தில் 25,000 குறையும். பஸ், விடுதி, “இதர” என்று வருவது தனி, அதுதான் பர்ஸைக் காலி செய்வது. மொத்தமாக 5 லட்சம் கடன் வாங்கி, 10 சதவீத வட்டியில் 7 வருடத்தில் அடைப்பதாக வைத்துக்கொண்டால் மாதத் தவணை சுமார் 8,300. படிக்கும் காலத்து வட்டியைக் கட்டாமல் விட்டால் இன்னும் கூடும். முதல் வேலையில் கையில் வரும் சம்பளத்தில் இது எத்தனை பங்கு என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். 7.5 லட்சம் வரை சொத்து ஈடு கேட்பதில்லை என்பதாலேயே கடன் இலகுவாகத் தோன்றும்.

கல்லூரி வாசலில் தொங்கும் “100 சதவீதம் பிளேஸ்மென்ட்” பேனரைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரே மாணவனுக்கு மூன்று கம்பெனி ஆஃபர் வந்தால் மூன்றாக எண்ணுவார்கள். அரியர் இல்லாதவர்களை மட்டும் “தகுதியுள்ளவர்கள்” என்று கணக்கில் எடுப்பார்கள். உண்மையான எண் வேறிடத்தில் இருக்கிறது. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள், எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, இடைநிலைச் சம்பளம் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவரின் சம்பளம்) எவ்வளவு, எத்தனை பேர் மேற்படிப்பு என்று படிவம் தர வேண்டும், அந்த பி.டி.எஃப். கல்லூரியின் இணையதளத்திலேயே எங்காவது கீழ்மூலையில் இருக்கும். தேடி எடுத்து, முடித்தவர்களை வேலை கிடைத்தவர்களோடு ஒப்பிடுங்கள். உச்சச் சம்பளத்தை விட்டுவிட்டு இடைநிலைச் சம்பளத்தைப் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் கல்லூரிவாரித் தேர்ச்சி விகிதத்தையும் சேர்த்துப் பாருங்கள். பாதிப் பேருக்கு மேல் தேறாத கல்லூரியில் காசு கட்டிச் சேர்ப்பதைவிட அரசு பாலிடெக்னிக் பல மடங்கு மேல்.

சுமாரான கல்லூரிப் பட்டதாரி கடைசியில் எங்கே வந்து நிற்கிறார் என்பதற்கு ரயில்வே அறிவிப்பே சான்று. உதவி லோகோ பைலட் வேலைக்கு அடிப்படைச் சம்பளம் லெவல் 2, அதாவது 19,900. ஐ.டி.ஐ. போதும், அதற்குப் பதிலாக டிப்ளமாவோ இன்ஜினியரிங் பட்டமோ வைத்திருப்பவர்களும் அதே பதவிக்கு வரிசையில் நிற்கிறார்கள். டிப்ளமா இருந்தால் ஜூனியர் இன்ஜினியருக்கு எழுதலாம், அது லெவல் 6, 35,400. ஆக ஐ.டி.ஐ.க்கும் டிப்ளமாவுக்கும் இடையிலான ஏற்றம்தான் இந்த ஏணியில் பெரிய படி. ஒரு எச்சரிக்கை: லோகோ பைலட்டுக்குக் கண்ணாடி இல்லாமல் 6/6 பார்வை வேண்டும், நிறக்குருடு கூடாது, லேசர் அறுவை செய்த கண்ணும் ஆகாது. அந்த வேலையை மனத்தில் வைத்துப் படிக்கப் போகிறவர் முதலில் கண்ணைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

டிப்ளமா என்றாலே பொதுப் பிரிவுகள் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். கிண்டியில் 1968 முதல் உள்ள சிப்பெட் என்ற மத்திய அரசு நிறுவனத்தில் பிளாஸ்டிக் மோல்டு (வார்ப்பு அச்சு), பிளாஸ்டிக் தொழில்நுட்ப டிப்ளமாக்கள் பத்தாவதுக்குப் பின் மூன்று வருடம். திண்டுக்கல்லில் டூல் இன்ஜினியரிங் பயிற்சிக்கென்றே நிறுவனம் இருக்கிறது. டூல் அண்டு டை, மோல்டு செய்யத் தெரிந்தவர்களுக்கு எந்த ஊர்த் தொழிற்பேட்டையிலும் பஞ்சம். பெயர் கவர்ச்சியாக இல்லாததால் இங்கே போட்டியும் குறைவு.

வெளிநாட்டுக் கனவு இருந்தால், பத்தாவது தேறாதவரின் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்ற முத்திரை வரும், வளைகுடா நாடுகளுக்கு அது தாமதம். பதிவுபெற்ற ஏஜென்ட் சட்டப்படி வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் வரியும்தான். லட்சங்களில் கேட்டால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடலாம்.

ஆக, இந்தப் பையனுக்கு என் வரிசை இப்படி: கணக்கில் 50க்கு மேல் வரும், உட்கார்ந்தால் படிப்பான் என்றால் அரசு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் அல்லது எலக்ட்ரிக்கல். கணக்கைக் கண்டாலே ஓடுகிறான், கை ஓடுகிறது என்றால் அரசு ஐ.டி.ஐ.யில் இரண்டு வருட டிரேடு, முடித்ததும் மொழித்தாள், பிறகு பதிவு செய்த அப்ரண்டிஸ், கூடவே டிப்ளமா நேரடிச் சேர்க்கைக்கு ஒரு விண்ணப்பம். நிர்வாக இடத்தில் கடன் வாங்கி பி.இ. என்பது கடைசியில், அதுவும் மேலே சொன்ன பி.டி.எஃப்.பைப் பார்த்த பிறகு. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் இரண்டுக்குமே ரிசல்ட் வந்த சில வாரங்களில் இணையவழி விண்ணப்பம் முடிந்துவிடும். இரண்டுக்கும் போட்டு வையுங்கள், ஐ.டி.ஐ. விண்ணப்பக் கட்டணம் 50 ரூபாய்தான்.

முதல் வேலை ஆணை வரும்போது அதில் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா, ஒப்பந்தக்காரர் பெயரா, காலவரையறை உண்டா என்று பாருங்கள். மொத்தச் சம்பளம் 21,000 வரை என்றால் ஈ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம் பிடிப்பார்கள், பி.எஃப்.புக்கு அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம். பிடித்தது உண்மையில் கட்டப்படுகிறதா என்பதை பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண்ணை வைத்து மாதாமாதம் பார்த்துக்கொள்ளலாம். இன்னொன்று, சேர்க்கை நாளிலேயே கவனிக்க வேண்டியது: பத்தாவது மதிப்பெண் பட்டியலில் பெயரும் இனிஷியலும் எப்படி இருக்கிறதோ அப்படியே ஆதாரிலும் ஐ.டி.ஐ. பதிவிலும் இருக்க வேண்டும். இனிஷியல் முன்னால் ஓரிடத்தில், பின்னால் ஓரிடத்தில் என்றிருந்தால் என்.டி.சி.யில் அதே பிழை அச்சாகி வரும். அதைத் திருத்த மாதக்கணக்கில் அலைய வேண்டும், அதற்குள் ஒரு ஆள்சேர்ப்பு அறிவிப்பு முடிந்திருக்கும்.